உங்கள் வெல்டிங் சான்றிதழ் யார் அலமாரியில் இருக்கிறது? புதிதாக ஷாப்புக்கு வருகிறவர்களுக்கு

ஐ.டி.ஐ.யில் வெல்டர் முடித்துவிட்டு துவாக்குடி, திருவெறும்பூர் பக்கமோ, ராணிப்பேட்டையிலோ, காட்டுப்பள்ளியிலோ ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பதினோரு வருடம் டார்ச் பிடித்துவிட்டு இப்போது க்யூ.சி., அதாவது தரச் சோதனைப் பக்கம் இருக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் சில விஷயம் புரிந்தது, அதெல்லாம் எனக்கு இருபது வயதில் யாராவது சொல்லியிருந்தால் நிறைய அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஷாப்பை ஒரு திங்கட்கிழமை காலை பூட்டிவிட்டார்கள். பாய்லர் ஆர்டர் குறைந்துகொண்டே வந்த காலம், சம்பளம் இழுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் இப்படிக் கேட்டில் சீல் வைத்திருப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. எங்களோடு ஒரு அண்ணன் இருந்தார். 14 வருட எக்ஸ்ரே வெல்டர் (எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கும் ஜாயின்ட் போடுகிறவர்), அவர் போட்ட ஜாயின்ட் ரிப்பேருக்குத் திரும்பி வருவது அபூர்வம். அவர் எத்தனை டெஸ்ட் கொடுத்துத் தேறியிருக்கிறார் என்பதற்கான காகிதம் எல்லாம் க்யூ.சி. அறையின் இரும்பு பீரோவில், அந்தப் பூட்டுக்கு உள்ளே. இவர் கையில் இருந்தது ஒரு அடையாள அட்டையும் பி.எஃப். நம்பரும்தான். ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் ஷட்டவுன் வேலைக்கு ஆள் எடுத்த கான்ட்ராக்டரிடம் போனார், ‘பேப்பர் இருக்கா?’ என்று கேட்டார்கள், இல்லை. டெஸ்ட்டுக்கு இடம் கிடைக்கும்வரை இரண்டு மாதம் ஹெல்பர் கூலிக்கு கிரைண்டிங் அடித்தார். கூப்பன், அதாவது டெஸ்ட் துண்டு, போட்ட அன்றைக்கு முதல் தடவையே தேறினார், அது வேறு விஷயம், அந்த இரண்டு மாதச் சம்பளத்தை யார் தருவார்கள்?

அதனால் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரும் கேட்காதபோதே, ஒவ்வொன்றாகச் சேர்த்து வையுங்கள். எந்த வரிசையில், எதை எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.

முதலில் பெயரும் பிறந்த தேதியும்

இது சலிப்பான வேலை, ஆனால் இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் சுப்பையா’, ஐ.டி.ஐ. சான்றிதழில் ஸ்பெல்லிங் ஒரு எழுத்து கூட, பி.எஃப்.பில் பிறந்த தேதி வேறு. உள்ளூர் வேலைக்கு இதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். பாஸ்போர்ட், வெளிநாட்டு விசா, பெரிய கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பு என்று வரும்போது ஒவ்வொன்றும் தடுக்கும், அப்போது உங்களிடம் பத்து நாள்தான் அவகாசம் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுங்கள், ஏனென்றால் பள்ளிச் சான்றிதழைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

பத்தாம் வகுப்பு தேறாமல், எட்டாம் வகுப்பை வைத்து வெல்டர் டிரேடில் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ பத்தாம் வகுப்பை எழுதி முடித்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகையில் வரும், அப்படி வந்தால் வளைகுடா நாடுகள் உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். தேறியிருந்தால் அந்தப் படி கிடையாது. பின்னால் இன்ஸ்பெக்டர் பக்கம் போக நினைத்தால் அங்கேயும் முதல் கேள்வி பள்ளிப் படிப்புதான்.

ஐ.டி.ஐ. சான்றிதழ், அப்ரண்டிஸ் சான்றிதழ்

அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதியதோடு பலர் ஐ.டி.ஐ. பக்கம் திரும்புவதில்லை. தேசியத் தொழிற்சான்றிதழ், அதாவது என்.டி.சி., இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கிறது, இறக்கி, பெயர் சரியா பார்த்து, டிஜிலாக்கரில் கிடைத்தால் அங்கேயும் சேர்த்துவிடுங்கள். தவறு இருந்தால் படித்த ஐ.டி.ஐ. வழியாகத்தான் திருத்த முடியும். உங்களைத் தெரிந்த பயிற்றுநர் இன்னும் அங்கே இருக்கும்போது போவதும் பத்து வருடம் கழித்துப் போவதும் ஒன்றல்ல.

அப்ரண்டிஸ் செய்யும் வாய்ப்பு வந்தால், உதவித்தொகை குறைவு என்று விடாதீர்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி முடித்து, தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வரும். பொதுத்துறை ஆலைகளும் ரயில்வேயும் ஆள் எடுக்கும்போது அதற்குத் தனி மதிப்பு. ஐ.டி.ஐ.யே படிக்காமல் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்து கை பழகியவர் என்றால், முன்அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் ஆர்.பி.எல். என்று ஒரு வழி அரசுத் திறன் திட்டத்தில் இருக்கிறது. அந்தச் சான்று மட்டும் வேலை வாங்கித் தந்துவிடாது, ஆனால் ஒன்றுமே இல்லாத கோப்பில் முதல் தாளாக அது உட்காரும்.

டபிள்யூ.பி.க்யூ.: உங்கள் கை எழுதிய தாள்

இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டெஸ்ட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 6ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்வில் ஜிக்கில் மாட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் பைப் அசையாது, நாம்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கடிகாரக் கணக்கில் ஆறு மணி இடத்தில், அதாவது பைப்பின் அடியில், கழுத்தை மடக்கிக்கொண்டு ரூட்டை, அதாவது முதல் லேயரை, ஆரம்பிப்போம். உருகும் முனையில் திறக்கும் சின்ன ஓட்டை, கீஹோல், மூடிவிடக் கூடாது, ரொம்பத் திறந்துவிடவும் கூடாது. ஃபேன் காற்று வெல்டைக் காக்கும் ஆர்கான் வாயுவைக் கலைத்துவிட்டால் அங்கே ஒரு பின்ஹோல், ஊசித்துளை. ஆறு மணியில் ரூட் உள்வாங்கிக்கொண்டு பள்ளமாகிவிடும், பன்னிரண்டு மணியில் தொங்கிவிடும், இரண்டையும் சமாளித்து மேலே ஏறி, மறுபாதியையும் முடித்து, நடுவில் நிரப்பும் ஃபில்லிங், மேலே மூடும் கேப். பிறகு பட்டை பட்டையாக வெட்டி வளைப்பார்கள். வளைந்த பக்கத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் எந்தத் திறப்பும் இருக்கக் கூடாது. அல்லது எக்ஸ்ரே எடுப்பார்கள்.

தேறியதும் நாம் டீ குடிக்கப் போய்விடுகிறோம். அந்த நேரத்தில் க்யூ.சி.யில் ஒருவர் ஒரு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருப்பார். வெல்டர் தகுதிப் பதிவு, டபிள்யூ.பி.க்யூ. என்று சொல்வது அதைத்தான். நீங்கள் பட்ட பாடு முழுக்க அந்தத் தாளில் எண்ணாகப் போய் உட்காருகிறது, அந்த எண்கள்தான் உங்களுக்கு எந்த வேலை தரலாம் என்று முடிவு செய்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. கோடின் செக்‌ஷன் 9 படி நடக்கும் டெஸ்ட்டை வைத்துச் சொல்கிறேன், நம் பக்கம் பிரஷர் வேலையில் பெரும்பாலும் அதுதான்.

பைப்பின் விட்டத்தைப் பாருங்கள். 6 அங்குலப் பைப்பில் டெஸ்ட் கொடுத்தால் 73 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் அதற்கு மேலேயும்தான் உங்களுக்குச் செல்லும். 2 அங்குலப் பைப் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர், அதில் தேறினால் 25 மில்லிமீட்டரிலிருந்து மேலே எல்லாமே செல்லும். சின்னப் பைப் கஷ்டம், கை சீக்கிரம் சீக்கிரம் திரும்ப வேண்டும், சூடு ஏறிவிடும், அதனால் பலரும் பெரிய பைப்பையே கேட்டு வாங்குகிறார்கள். நான் சொல்வேன், கை தெளிந்த பிறகு சின்னதையே கேட்டு வாங்குங்கள். ஒரே டெஸ்ட், பாய்லர் ட்யூபும் அடங்கிவிடும், பெரிய லைனும் அடங்கிவிடும்.

தடிமனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறைய வெல்டர்களுக்கே தெரியாது. பைப்பின் தடிமனைப் பார்த்தால் போதாது, ஒவ்வொரு முறையிலும் எவ்வளவு மெட்டல் போட்டீர்கள் என்பதுதான் கணக்கு. போட்டதைப் போல இரண்டு மடங்கு வரை உங்களுக்குத் தகுதி. ரூட்டை மட்டும் டிக்கில் (ஆர்கான் வாயுவில் தனிக் கம்பி ஊட்டும் முறை) 3 மில்லிமீட்டர் போட்டு மீதியை ஆர்க்கில் (எலக்ட்ரோடு முறை) நிரப்பினால், டிக்கில் உங்களுக்கு 6 மில்லிமீட்டர்தான். முழுக்க டிக்கிலேயே போட வேண்டிய வேலை வந்தால் ‘உனக்கு ரேஞ்ச் இல்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். ஒரே முறையில் 13 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, குறைந்தது மூன்று லேயரில் போட்டிருந்தால் மேல்வரம்பே கிடையாது. டெஸ்ட்டுக்கு முன்னாலேயே ‘சார், டிக் எத்தனை மில்லி போடச் சொல்கிறீர்கள்’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் இரண்டு முறைக்கும் தனித்தனி எண் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், அவசரத்தில் மொத்தமாக ஒரே எண் எழுதிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஃபில்லர், அதாவது உருக்கி நிரப்பும் கம்பியின் வகை, எஃப் நம்பரில் பிரித்திருப்பார்கள். 7018 எலக்ட்ரோடு எஃப் 4, டிக் கம்பி கார்பன் ஸ்டீலுக்கும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் எஃப் 6, ஆனால் ஸ்டெயின்லெஸ் எலக்ட்ரோடு எஃப் 5. கோட் எழுத்துப்படி, கார்பன் ஸ்டீல் பைப்பில் டிக் தேறியவர் ஸ்டெயின்லெஸ்ஸிலும் அலாய் ஸ்டீலிலும் டிக் போடலாம், 7018-இல் தேறியவர் ஸ்டெயின்லெஸ் எலக்ட்ரோடு தொடக் கூடாது. நடைமுறையில் கிளையன்ட் ஸ்டெயின்லெஸ்ஸுக்கும் பி91 என்ற அலாய் ஸ்டீலுக்கும் தனி டெஸ்ட் கேட்பார், கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஒவ்வொன்றும் உங்கள் கோப்பில் ஒரு தாள். அப்புறம் பேக்கிங், அதாவது ரூட்டுக்கு அடியில் தாங்கும் பட்டை: பேக்கிங் இல்லாமல் ரூட் போட்டுத் தேறினால் பேக்கிங் உள்ள வேலையும் செய்யலாம், பேக்கிங் வைத்து டெஸ்ட் கொடுத்தவருக்குத் திறந்த ரூட் செல்லாது.

ஃபெயிலானால் பயப்பட வேண்டாம். உடனே மறு டெஸ்ட் கேட்கலாம், தோற்ற பொசிஷனுக்கு அடுத்தடுத்து இரண்டு கூப்பன் போட வேண்டும், இரண்டுமே தேற வேண்டும். அன்றைக்குக் கை நடுங்குகிறது என்றால் உடனே போடாதீர்கள், பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு வாருங்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. இந்தத் தகுதி உங்கள் பெயரில் இருந்தாலும், டெஸ்ட் நடத்திய கம்பெனியின் பொறுப்பில் உள்ளது. வேறு கம்பெனிக்குப் போனால் அவர்கள் தங்கள் பெயரில் மறுபடி டெஸ்ட் வைப்பார்கள். அப்படியென்றால் பழைய தாள் எதற்கு என்று கேட்பீர்கள். வந்து நிற்கிற எல்லோருக்கும் பைப் வெட்டி, எலக்ட்ரோடு கொடுத்து, எக்ஸ்ரே எடுக்க எந்தக் கான்ட்ராக்டரும் செலவு செய்ய மாட்டார், பழைய தாளைப் பார்த்துத்தான் யாரை டெஸ்ட் பூத்துக்குள் விடுவது என்று பிரிக்கிறார்கள். அந்த அண்ணன் இரண்டு மாதம் கிரைண்டர் பிடித்தது இதனால்தான்.

எப்படிக் கேட்பது? டெஸ்ட் தேறிய அன்றோ மறுநாளோ கேளுங்கள், அப்போது தாள் மேஜை மேலேயே இருக்கும். ‘சார், என் டபிள்யூ.பி.க்யூ. நகல் ஒன்று வேண்டும், என் கோப்பில் வைத்துக்கொள்கிறேன்’ என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். லேப் ரிப்போர்ட் நகலும் சேர்த்து. கையெழுத்து, முத்திரை, உங்கள் ஸ்டாம்ப் நம்பர் (ஜாயின்டில் குத்தும் உங்கள் அடையாள எண்), ரிப்போர்ட் நம்பர் நான்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். தர மாட்டோம் என்றால் சண்டை வேண்டாம், மேலாளருக்கு ஒரு மின்னஞ்சலில் மரியாதையாகக் கேளுங்கள், குறைந்தபட்சம் டெஸ்ட் தேதியும் ரிப்போர்ட் நம்பரும் எழுதி வாங்குங்கள். நான் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்கிறேன், ஆனால் கேட்கிறவர்கள் மிகக் குறைவு, அதுதான் வருத்தம்.

பாய்லர் வேலை என்றால் இன்னொன்றும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிமுறைகள்படி, கொதிகலன்கள் இயக்குநரகத்தின் ஐ.பி.ஆர். வெல்டர் சான்றிதழ். உள்நாட்டில் பாய்லர், ஸ்டீம் பைப் ஷட்டவுன் வேலைகளில் முதலில் கேட்பது இதைத்தான். அதற்குக் காலாவதி தேதி இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே புதுப்பியுங்கள், ஷாப் மூடிய பிறகு தனியாளாக நின்று டெஸ்ட்டுக்கு ஏற்பாடு செய்வது ரொம்பச் சிரமம்.

ஆறு மாதக் கணக்கும் ஒரு நூறு பக்க நோட்டும்

செக்‌ஷன் 9-இல் வெல்டர் தகுதிக்குத் தேதி போட்ட காலாவதி கிடையாது. அதற்குப் பதில் ஒரு நிபந்தனை: எந்த முறையில் தகுதி பெற்றீர்களோ அந்த முறையில் ஆறு மாதம் வெல்டு செய்யாமல் விட்டால் தகுதி போய்விடும். ஐ.எஸ்.ஓ. 9606 என்ற சர்வதேசத் தரப்படி எடுத்ததற்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்து கையெழுத்து வேண்டும்.

எனக்கு இது நடந்தது. டிக் வெல்டராக இருந்த என்னை ஸ்ட்ரக்சர் வேலை நெருக்கடி என்று எட்டு மாதம் ஆர்க்கிலேயே போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது டிக் தகுதி போயிருந்தது. இடையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஜாயின்ட் டிக்கில் போட்டுப் பதிவு செய்திருந்தால் அது உயிரோடு இருந்திருக்கும், யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. உங்களை வேறு வேலைக்கு மாற்றினால் அந்த மாதமே சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், ‘நான்கு மாதமாக டிக் போடவில்லை சார், ஒரு ஜாயின்ட் கொடுங்கள்’ என்று. போய்விட்டாலும் முழுக்க முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. அந்த முறையில் ஒரு கூப்பன் போட்டுத் தேறினால் அந்த முறையில் முன்பிருந்த தகுதிகள் திரும்பி வந்துவிடும்.

இதற்காக ஒரு நூறு பக்க நோட்டு போடுங்கள். தேதி, ஜாப் நம்பர், ஜாயின்ட் நம்பர், டிக்கா ஆர்க்கா, பைப் அளவு, என்ன மெட்டீரியல், எக்ஸ்ரே போயிற்றா, தேறியதா, ரிப்பேரா. ஒரு ஜாயின்டுக்கு ஒரு வரி போதும். மாதக் கடைசியில் சூப்பர்வைசரின் கையெழுத்து. ரிப்பேர் வந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள், வருடக் கடைசியில் 400 ஜாயின்டில் 6 ரிப்பேர் என்று காட்ட முடிந்தால், அதற்குமேல் நீங்கள் வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. டிராயிங்கைப் படம் பிடிக்காதீர்கள், கிளையன்ட் காகிதம் எதையும் வெளியே எடுக்காதீர்கள், அது வேலைக்கே உலை வைத்துவிடும். நம்பர் மட்டும் போதும்.

வேலை பார்த்ததற்கு அத்தாட்சி

சேரும்போது கொடுக்கும் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, விலகும்போது அனுபவச் சான்று, இவை எல்லாவற்றையும் வாங்குங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: செய்த வேலையின் விவரத்தோடு அனுபவச் சான்று கேட்டால் கான்ட்ராக்டர் தந்தாக வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பே சொல்கிறது. சான்றில் ‘வெல்டராகப் பணியாற்றினார்’ என்று ஒற்றை வரி எழுதினால் திருப்பிக் கொடுத்து, ‘டிக் மற்றும் ஆர்க், 6ஜி, கார்பன் ஸ்டீல் மற்றும் அலாய் ஸ்டீல், பிரஷர் பார்ட்ஸ்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி கூடுதலாக வந்தால் சான்றின் எடையே வேறு.

எந்தச் சான்றும் கிடைக்காதபோது கைகொடுப்பது பி.எஃப். பதிவுதான். உங்கள் 12 இலக்க யு.ஏ.என். கணக்கில் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று இருக்கும், பெரிய கம்பெனிகள் அனுபவத்தைச் சரிபார்ப்பதே இப்போது அதை வைத்துத்தான். ஒவ்வொரு சைட்டிலும் புது நம்பர் வாங்காதீர்கள், பழையதையே கொடுங்கள். விலகிய தேதியைக் கம்பெனி பதியாமல் விட்டால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் பதியலாம். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய. கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஓய்வூதியத்துக்கு 10 வருடப் பணி வேண்டும், ஒவ்வொரு முறையும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்த வருடங்கள் கணக்கிலிருந்து போய்விடும். மாற்றிக்கொள்ளுங்கள், எடுக்காதீர்கள்.

அடுத்து எந்த டெஸ்ட்?

ஒரே முறை தெரிந்த வெல்டர்தான் ஆள்குறைப்பில் முதலில் போகிறார். என் யோசனை: முதல் வருடம் பிளேட்டில் 3ஜி (செங்குத்து), 4ஜி (தலைக்கு மேல்) ஆர்க்கைச் சுத்தமாக்குங்கள், இரண்டாவது வருடம் பைப் 6ஜி, ரூட் டிக், மேலே ஆர்க். அதற்குப் பிறகு ஸ்டெயின்லெஸ் டிக், பைப்பின் உள்ளே ஆர்கான் நிரப்பி, அதாவது பர்ஜ் வைத்து. பர்ஜ் சரியில்லையென்றால் ரூட் உள்பக்கம் கருத்துக் கரடுமுரடாகச் சர்க்கரை மாதிரி ஆகிவிடும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கை படியும். மருந்து, உணவு, ரசாயன ஆலைகளில் இந்த வேலை இருக்கிறது, பாய்லர் ஆர்டர் இல்லாத வருடத்திலும் இருக்கும். ஆஃப்ஷோர் ஃபேப்ரிகேஷன் பக்கம் போக ஆசை இருந்தால் 6ஜிஆர், அதாவது வளையம் வைத்து இடத்தை இடுக்காக்கிய 6ஜி.

டெஸ்ட்டுக்கு ஷாப்பில் ஆள் கேட்கும்போது கையைத் தூக்குங்கள். கம்பெனி செலவில் கிடைக்கும் ஒவ்வொரு கூப்பனும் உங்களுக்கு லாபம். ஷாப்பில் வாய்ப்பே இல்லையென்றால், திருச்சியில் 1975-இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வெல்டர்களுக்குப் பயிற்சியும் தகுதித் தேர்வும் நடத்துகிறார்கள். கூடவே டபிள்யூ.பி.எஸ். (வெல்டிங் செய்முறைத் தாள்) படிக்கவும் ஐசோமெட்ரிக் டிராயிங் பார்க்கவும் பழகுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்மேனிடம் கேட்டால் சொல்லித் தருவார்.

இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் போவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முதுகும் கண்ணும் ஒரு வயதுக்கு மேல் டார்ச்சுக்கு ஒத்துழைக்காது, அதனால் இது நல்ல வழிதான், ஆனால் அவசரப்படாதீர்கள். ஐ.டி.ஐ. முடித்த கையோடு கடன் வாங்கி நான்கு என்.டி.டி. (பொருளை உடைக்காமல் சோதிக்கும்) முறைக்கு லெவல் 2 சேர்த்து எடுத்துவிட்டு வேலை கிடைக்காமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கனக்கிறது. எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் தரப்படும் சான்று வேலை தரும் நிறுவனத்தைச் சார்ந்தது, நிறுவனம் மாறினால் அதுவும் கேள்விக்குள்ளாகும். ஐ.எஸ்.ஓ. 9712 சான்று மூன்றாம் தரப்பினுடையது, ஆளோடு போகும். எதை விற்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐந்தாறு வருடம் வெல்டராக இருந்து, நோட்டும் சான்றும் கையில் வைத்துக்கொண்டு சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. 3.1 அல்லது அமெரிக்க வெல்டிங் சங்கமான ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் சி.டபிள்யூ.ஐ. என்ற வெல்டிங் இன்ஸ்பெக்டர் தேர்வு எழுதுகிறவருக்கு அந்தப் படிப்பு உண்மையிலேயே உறைக்கும். சி.டபிள்யூ.ஐ.க்கு மேல்நிலைக் கல்வி முடித்தவர் என்றால் ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்கள், அதைக் காட்ட அனுபவச் சான்று வேண்டும், பாருங்கள், அதே கோப்புதான் மறுபடியும். கிட்டப்பார்வைப் பரிசோதனையும் உண்டு. அதனால் இன்றிலிருந்தே சரியான ஷேடு கண்ணாடி இல்லாமல் டாக் (ஒட்டவைக்கும் சின்ன வெல்டு) கூட வைக்காதீர்கள்.

வெளிநாடு

பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள், வேலை வந்த பிறகு ஓடாதீர்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது, அங்கேயும் பதிந்து வையுங்கள். சவுதிக்கு என்றால் தகாமுல் திறன் சரிபார்ப்புத் தேர்வில் வெல்டர் தொழிலும் வருகிறது. சான்றிதழுக்கு மேலொப்பம் வாங்குவதும் நாட்டுக்கு நாடு வேறு. சவுதி, ஓமன், பஹ்ரைனுக்கு அப்போஸ்டில் முத்திரை, அமீரகத்துக்குத் தூதரக மேலொப்பம். இதற்கெல்லாம் அசல் வேண்டும். அசலை எந்த ஏஜென்டிடமும் விட்டுவைக்காதீர்கள்.

போலிச் சான்று பற்றி

பணம் கொடுத்தால் 6ஜி அட்டை, லேப் முத்திரையோடு ஒரே நாளில் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வேலை இல்லாத நேரத்தில் அது ஆசை காட்டும். ரிப்போர்ட் நம்பரை வைத்து லேபுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும், நானே போட்டிருக்கிறேன். ஒரு பையனுடைய தாள் அப்படிப் பிடிபட்டது. கூப்பன் போடச் சொன்னோம், நன்றாகவே போட்டான், ஆனாலும் எடுக்க முடியவில்லை, கிளையன்ட் இன்ஸ்பெக்டர் பெயரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். பிரஷர் லைனில் போலித் தாளை நம்பி ஒருவரை விட்டால் பக்கத்தில் நிற்கிறவன் உயிர் போகும், அதனால் அந்த இன்ஸ்பெக்டரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தப் பையனுக்குக் கை இருந்தது, உண்மையான தாளுக்கு ஆறு மாதம் முன்னால் யாரிடமாவது கேட்டிருந்தால் போதும்.

கோப்பு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ப்ளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஃபோல்டர், அதில் மேலே சொன்ன வரிசையில் தாள்கள், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து செல்போனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. ஷாப் லாக்கரில் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள். இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: க்யூ.சி. அறைக்குப் போய், கடைசியாகத் தேறிய டெஸ்ட்டின் டபிள்யூ.பி.க்யூ. நகலைக் கேளுங்கள். காலை நேரம் வேண்டாம், இன்ஸ்பெக்டர் வருவார், பரபரப்பாக இருக்கும். மூன்றரை மணி டீக்கு அப்புறம் போனால் ஆள் நிதானமாக இருப்பார்.